மாற்றுத்திறனாளிப் பெரியவர்களுக்கு அரசு உதவிகளைப் பெற்றுத் தருவதை ஒரு பணியாகச் செய்ய முடியுமா?

சமூகப் பணியில் முதுகலை முடித்து, திருவட்டார் வட்டத்தில் பெற்றோருடன் வசிக்கும் ஒருவர் கேட்டிருப்பது இது: "பதினெட்டு வயதைக் கடந்த மாற்றுத்திறனாளிகளுக்கு அரசு உதவிகளைப் பெற்றுத் தருவதையே என் வேலையாக அமைத்துக்கொள்ள முடியுமா? மேற்கொண்டு என்ன படிக்க வேண்டும்? தாலுகா ஆபீஸ் வாசலில் மனு எழுதிக் கொடுத்துக் காசு வாங்குகிறவர்களில் ஒருத்தி என்று ஊரார் என்னை நினைத்துவிட மாட்டார்களா?" மூன்று கேள்விகள் போலத் தோன்றினாலும், கடைசிக் கேள்விதான் மற்ற இரண்டையும் தாங்கி நிற்கிறது. மனு எழுதித் தருபவர் செய்யாத எதை நீங்கள் செய்யப் போகிறீர்கள் என்பது தெளிவானால், என்ன படிக்க வேண்டும் என்பதும் எப்படிப் பிழைப்பது என்பதும் ஓரளவு தாமாகவே விளங்கும். அதனால் அந்த வேலை உள்ளபடி எப்படியிருக்கும் என்பதை முதலில் சொல்லி, படிப்பையும் சம்பளத்தையும் பிறகு எடுத்துக்கொள்கிறேன்.

நான் கன்னியாகுமரி மாவட்டத்தில் ஒரு தொண்டு நிறுவனத்தின் வழியாக இந்தப் பணியைப் பல ஆண்டுகளாகச் செய்துவருகிறேன். பெரும்பாலும் அறிவுசார் குறைபாடு, மூளை முடக்குவாதம், மனநலப் பாதிப்பு உள்ள பெரியவர்களின் குடும்பங்களோடுதான் என் பழக்கம். நான் மருத்துவனும் அல்லன், வழக்கறிஞனும் அல்லன். ஆகவே சட்டம் சொல்வதைச் சட்டம் சொல்வதாகவும், அலுவலகங்களில் நடைமுறையில் கண்டதை நடைமுறையாகவும், என் சொந்தக் கருத்தைக் கருத்தாகவும் பிரித்தே எழுதுகிறேன். உதவித்தொகைகளின் அளவும் தகுதி வரம்பும் அரசாணைக்கு அரசாணை மாறுபவை. நான் குறிப்பிடும் தொகைகளை வைத்து எந்தக் குடும்பத்துக்கும் வாக்குறுதி கொடுத்துவிடாதீர்கள்.

உறுதியாகச் சொல்லக்கூடியவற்றிலிருந்து தொடங்குவோம். 2016-ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைகள் சட்டம் 2017 ஏப்ரல் 19 முதல் நடைமுறையில் இருக்கிறது. 1995-ஆம் ஆண்டுச் சட்டத்தில் ஏழாக இருந்த குறைபாட்டு வகைகள் இதில் இருபத்தொன்றாக விரிந்தன. நாற்பது சதவீதமும் அதற்கு மேலும் பாதிப்பு உள்ளவர்களுக்கு அரசு வேலையில் நான்கு சதவீத இடஒதுக்கீடும், நில ஒதுக்கீட்டிலும் வறுமை ஒழிப்புத் திட்டங்களிலும் ஐந்து சதவீத ஒதுக்கீடும் இந்தச் சட்டத்தில் உள்ளன. நம் பணிக்கு மிக நெருக்கமானது 24-ஆம் பிரிவு. சமூகப் பாதுகாப்புத் திட்டங்களில் மற்றவர்களுக்குக் கிடைப்பதைவிடக் குறைந்தது இருபத்தைந்து சதவீதம் கூடுதலாக மாற்றுத்திறனாளிகளுக்குத் தரவேண்டும் என்று அது கூறுகிறது. தமிழ்நாட்டில் 2023 ஜனவரி முதல் வருவாய்த்துறை வழியான மாற்றுத்திறனாளி ஓய்வூதியம் 1,500 ரூபாயாகவும், அதே ஆண்டு ஆகஸ்ட் முதல் முதியோர் ஓய்வூதியம் 1,200 ரூபாயாகவும் உயர்த்தப்பட்டபோது, இவ்விரண்டுக்கும் இடையே இருந்தது சரியாக அந்த இருபத்தைந்து சதவீதம்தான். இந்தத் தொகையைக் கருணை என்று நினைத்துக் கூனிக் குறுகி அலுவலகத்துக்கு வரும் குடும்பங்களிடம் இதை நான் முதலிலேயே சொல்லிவிடுவேன். கேட்பது உரிமையை என்று தெரிந்துவிட்டால் அவர்கள் பேசும் முறையே மாறிவிடுகிறது.

அடுத்ததாக, மாதாந்தர உதவிக்கு இரண்டு வாசல்கள் இருக்கின்றன என்பதை அறிந்துகொள்ளுங்கள். ஒன்று வருவாய்த்துறை, சமூகப் பாதுகாப்புத் திட்டத் தனி வட்டாட்சியர் வழியாக வருவது, குடும்பத்தின் பொருளாதார நிலையைப் பார்த்துத் தரப்படுவது. மத்திய அரசின் இந்திரா காந்தி பெயரிலான ஓய்வூதியமும் இந்த வழியில்தான் வருகிறது. அதற்கு எண்பது சதவீதப் பாதிப்பும் வறுமைக்கோட்டுக்குக் கீழான நிலையும் வேண்டும், அதில் மத்திய அரசின் பங்கு மாதம் 300 ரூபாய் மட்டுமே. மற்றொன்று மாற்றுத்திறனாளிகள் நலத்துறை தரும் பராமரிப்பு உதவித்தொகை. அறிவுசார் குறைபாடு, கடும் உடல் பாதிப்பு, தசைச் சிதைவு நோய், தொழுநோயிலிருந்து குணமானோர், தண்டுவடப் பாதிப்பு போன்ற குறிப்பிட்ட நிலைகளுக்கு மாதம் 2,000 ரூபாய் என்ற அளவில் வழங்கப்பட்டு வருகிறது. இரண்டையும் ஒருவரே சேர்த்துப் பெற முடியாது. நாகர்கோவில் ஆட்சியர் அலுவலகத்துக்கு வரும் குடும்பங்களில் பல, அண்டை வீட்டார் எந்த வாசலில் நுழைந்தார்களோ அதே வாசலில் தாங்களும் நிற்கின்றன. அறிவுசார் குறைபாடுள்ள மகனுக்காக வருவாய்த்துறையில் மனுக் கொடுத்துவிட்டு, சொந்த வீடும் சிறு தென்னந்தோப்பும் இருக்கிற காரணத்தால் மனு தள்ளுபடியாகி, "நமக்குக் கிடைக்காது" என்று பல ஆண்டுகள் பேசாமல் இருந்துவிட்ட பெற்றோரைப் பார்த்திருக்கிறேன். அவர்கள் போயிருக்க வேண்டியது மற்ற வாசலுக்கு. மனு எழுதுபவர் கேட்ட மனுவை எழுதித் தருவார். எந்த மனு என்பதை ஆராய்ந்து முடிவுசெய்வது உங்கள் வேலை. உங்கள் கடைசிக் கேள்விக்கான பதிலின் முதல் பாதி இதுதான்.

மறுபாதி மருத்துவச் சான்றில் இருக்கிறது. எந்த உதவிக்கும் திறவுகோல் யுடிஐடி எனப்படும் தேசிய அடையாள அட்டையும் அதற்கு அடிப்படையான சதவீத மதிப்பீடும்தான். நம் மாவட்டத்தில் ஆசாரிப்பள்ளம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையிலும் அவ்வப்போது நடக்கும் முகாம்களிலும் இந்த மதிப்பீடு நடக்கிறது. மத்திய அரசு 2018-இல் வெளியிட்டு 2024-இல் திருத்திய வழிகாட்டு நெறிகளின்படி மருத்துவர்கள் சதவீதம் கணக்கிடுகிறார்கள். கண்பார்வைக்கும் கை கால்களுக்கும் அளவெடுத்துவிடலாம். அறிவுசார் குறைபாட்டுக்கும் மனநலப் பாதிப்புக்கும் அப்படி ஓர் அளவுகோலை உடம்பின் மேல் வைத்துவிட முடியாது. அன்றாட வாழ்வில் அவர் எதைத் தாமே செய்கிறார், எதற்குத் துணை வேண்டும் என்ற கேள்விகளுக்கு வீட்டார் சொல்லும் பதில்தான் மதிப்பீட்டின் பெரும்பகுதி. மனநலப் பாதிப்புக்குப் பயன்படும் ஐடியாஸ் என்ற இந்திய அளவுகோல், தன்னைப் பேணிக்கொள்வது, பிறரோடு பழகுவது, பேசிப் புரிந்துகொள்வது, வேலை செய்வது ஆகிய நான்கு களங்களுக்குத் தனித்தனி மதிப்பெண் இட்டு, நோய் நீடித்த காலத்தையும் சேர்த்துக் கணக்கிடுகிறது. மொத்த மதிப்பெண் இருபதில் ஏழைத் தொட்டால்தான் நாற்பது சதவீதம் வரும். ஆறோடு நின்றுவிட்டால் எந்த வாசலும் திறக்காது.

இந்த இடத்தில்தான் நம் ஊர்த் தாய்மார்களின் மானம் குறுக்கே வருகிறது. மகனைக் குளிப்பாட்டி, தலை சீவி, கோயில் திருவிழாவுக்குப் போகும் சட்டையைப் போட்டு அழைத்து வருவார்கள். மருத்துவர் "தானே சாப்பிடுவானா, குளிப்பானா?" என்று கேட்டதும், "எனக்க பிள்ளைக்கு ஒரு கொறையும் இல்ல சாரே, எல்லாம் அவனே செய்வான்" என்பார்கள். அவன் சாப்பிடுவது உண்மை. ஆனால் சோற்றைப் பிசைந்து கிண்ணத்தில் வைத்து, பக்கத்தில் உட்கார்ந்து இரண்டு மூன்று முறை சொன்னால்தான் சாப்பிடுவான். குளிப்பதும் உண்மை, தண்ணீர் எடுத்து வைத்து, சோப்பைக் கையில் கொடுத்து, முதுகைத் தேய்த்துவிட்டால் குளிப்பான். முப்பது ஆண்டுகளாகச் செய்துவருவதால் அந்தத் துணையை ஒரு வேலையாகவே அந்தத் தாய் எண்ணுவதில்லை. பிறர் முன்னால் பிள்ளையைக் குறைத்துச் சொல்லவும் அவருக்கு மனம் வராது. மருத்துவரிடம் ஒவ்வொருவருக்கும் ஒதுக்க முடிகிற நேரமோ சில நிமிடங்கள். அந்தச் சில நிமிடங்களில் சொல்லப்பட்ட சொல்லுக்கு ஏற்பச் சதவீதம் விழுகிறது.

ஆகவே மதிப்பீட்டுக்கு முன் இரண்டு மூன்று வாரம் அந்த வீட்டுக்குப் போய் வர வேண்டும். காலையில் எழுவது முதல் இரவு படுப்பது வரை, அந்த மனிதர் எதைத் தாமே செய்தார், எதற்குச் சொல்ல வேண்டியிருந்தது, எதற்குக் கைகொடுக்க வேண்டியிருந்தது, எதைச் செய்யவே முடியவில்லை என்று ஒரு நோட்டில் குடும்பத்தாரைக் கொண்டே எழுதச் சொல்லுங்கள். எழுதப் படிக்கத் தெரியாதவர்கள் சொல்ல, நீங்கள் எழுதலாம். மனநலப் பாதிப்பு உள்ளவர் என்றால் நல்ல நாட்களையும் மோசமான நாட்களையும் பிரித்து எழுத வேண்டும். நோய் எவ்வளவு காலமாக நீடிக்கிறது என்பதும் கேட்கப்படும். வேலையில் சேர்ந்த தேதியும் நின்ற தேதியும், மருத்துவமனையில் தங்கிய காலமும், மாத்திரைச் சீட்டுகளும் ஒரே கோப்பில் இருக்கட்டும். முதல் முறை அந்த நோட்டைப் படிக்கும்போது பல தாய்மார் அழுதுவிடுகிறார்கள். அதற்கும் நேரம் கொடுங்கள். பிள்ளையைக் குறைத்துப் பேசவில்லை, பிள்ளைக்குத் தான் செய்யும் வேலையைத்தான் சொல்கிறோம் என்று அவருக்குப் புரியும்படி விளக்கிவிட்டால், மருத்துவர் முன் அவர் தயங்குவதில்லை.

இதற்கு ஓர் எல்லை உண்டு. அதை நீங்கள் ஒருநாளும் தாண்டக் கூடாது. இருப்பதைச் சொல்ல உதவுவது வேறு, இல்லாததைச் சொல்லிக் கொடுப்பது வேறு. முப்பது சதவீதத்தை நாற்பதாக்கித் தாருங்கள் என்று உங்களிடம் நிச்சயம் கேட்பார்கள். கேட்பவர் உங்கள் உறவினராகக்கூட இருப்பார். மோசடியாக உதவி பெறுவதற்கும், பெற முயல்வதற்கும், இரண்டு ஆண்டு வரை சிறையோ ஒரு லட்சம் ரூபாய் வரை அபராதமோ இரண்டுமோ விதிக்க உரிமைகள் சட்டத்தின் 91-ஆம் பிரிவு இடம் தருகிறது. சட்டத்துக்கு அஞ்சுவது ஒருபுறமிருக்க, ஒரே ஒரு பொய்யான மனுவோடு உங்கள் பெயர் சேர்ந்துவிட்டால், அதன்பின் நீங்கள் கொண்டுவரும் உண்மையான மனுக்களையும் மருத்துவரும் அலுவலரும் சந்தேகத்தோடுதான் புரட்டுவார்கள். மதிப்பீடு உண்மையிலேயே குறைவாக வந்துவிட்டது என்று நீங்கள் கருதினால், அதே சட்டத்தின் 59-ஆம் பிரிவின்படி மேல்முறையீடு செய்யலாம். அப்போது அந்த நோட்டு பெரிய துணையாக இருக்கும்.

சான்று கையில் வந்ததும் வேலை முடிந்தது என்று நினைக்காதீர்கள். சில நிலைகளுக்குச் சான்று குறிப்பிட்ட காலத்துக்கு மட்டுமே வழங்கப்படுகிறது. மனநலப் பாதிப்பில் இது அதிகம். காலாவதியானதும் உதவித்தொகை நின்றுவிடும், நின்ற பிறகுதான் குடும்பத்துக்குத் தெரியவரும். உங்கள் பொறுப்பில் உள்ள ஒவ்வொருவருக்கும் சான்று முடியும் தேதி, வங்கிக் கணக்கு எண், ஆதாரில் உள்ள பெயரின் எழுத்து ஆகியவற்றை ஒரு பதிவேட்டில் வைத்திருங்கள். ஞானஸ்நானப் பெயர் ஒன்று, பள்ளிப் பெயர் ஒன்று, வீட்டுப் பெயர் முன்னால் சேர்ந்த பெயர் ஒன்று என்று நம் மாவட்டத்தில் ஒரே ஆளுக்கு மூன்று பெயர்கள் இருப்பது வழக்கம். அவற்றை முதலிலேயே ஒன்றாக்காமல் மனுப் போட்டால், அந்த ஓர் எழுத்துக்காக மாதக்கணக்கில் அலைய நேரும்.

இனி, நீங்கள் குறிப்பாகப் பெரியவர்களைப் பற்றிக் கேட்டிருப்பதால், அதைப் பற்றிச் சற்று விரிவாக எழுத வேண்டும். பதினெட்டு வயது வரை பள்ளி இருக்கிறது, சிறப்பாசிரியர் இருக்கிறார், பெற்றோருக்கும் வயது இருக்கிறது. அதன்பின் அந்தப் பிள்ளையைப் பற்றி விசாரிக்க யாரும் வருவதில்லை. சட்டத்தின் கண்ணில் பதினெட்டு நிறைந்தவர் தம் விருப்பப்படி முடிவெடுக்கும் உரிமையுள்ள முழு மனிதர். பெற்றோர் என்பதாலேயே அவருக்காகக் கையெழுத்திடும் அதிகாரம் யாருக்கும் இல்லை. கணக்குத் தொடங்க வங்கிக்குப் போகும்போதுதான் குடும்பங்களுக்கு இது உறைக்கிறது. 1999-ஆம் ஆண்டின் தேசிய அறக்கட்டளைச் சட்டம் ஆட்டிசம், மூளை முடக்குவாதம், அறிவுசார் குறைபாடு, பல்வகைக் குறைபாடு ஆகிய நான்குக்கு மட்டும் வழி செய்கிறது. மாவட்ட ஆட்சியர், பதிவுபெற்ற ஒரு தொண்டு நிறுவனத்தின் பிரதிநிதி, மாற்றுத்திறனாளி ஒருவர் ஆகியோரைக் கொண்ட உள்ளூர் அளவிலான குழு, விசாரித்துப் பாதுகாவலரை நியமிக்கும். இதே சட்டத்தின் கீழ் இயங்கும் நிராமயா காப்பீட்டில் ஆண்டுக்கு ஒரு லட்சம் ரூபாய் வரை மருத்துவச் செலவுக்கு இடமுண்டு. இந்த நான்கு நிலைகளில் ஏதேனும் ஒன்று உள்ள எல்லோரையும் அதில் சேர்த்துவிடுங்கள்.

மனநலப் பாதிப்பு இந்த நான்கில் சேராது என்பதை நன்றாக நினைவில் வையுங்கள். 2017-ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டத்தில் நியமனப் பிரதிநிதி என்று ஒருவரை வைத்துக்கொள்ளலாம். ஆனால் அவருடைய பொறுப்பு சிகிச்சை தொடர்பானது, சொத்துக்கும் வங்கிக்கும் அது உதவாது. உரிமைகள் சட்டத்தின் 14-ஆம் பிரிவு வரையறுக்கப்பட்ட பாதுகாவலர் என்ற ஏற்பாட்டைச் சொல்கிறது. சம்பந்தப்பட்டவரோடு கலந்து, குறிப்பிட்ட முடிவுக்கும் குறிப்பிட்ட காலத்துக்கும் மட்டும் துணைநிற்பவர் அவர். இங்கே நான் சொல்லப்போவது என் கருத்து. பாதுகாவலர் சான்று கேட்டு ஓடுவதற்கு முன், அந்த மனிதர் தாமே கையெழுத்திட்டோ கைநாட்டு வைத்தோ கணக்கை நடத்த முடியுமா என்று பாருங்கள். ஓரளவு துணையிருந்தால் பலரால் முடிகிறது. நான் பழகிய ஒருவர் ரப்பர் தோட்டத்தில் ஒட்டுக்கறை (மரத்தில் காய்ந்து ஒட்டிய ரப்பர் பால்) பொறுக்கும் வேலை செய்தவர், நாற்பது வயதுக்கு மேல் ஆனவர். எண்களைக் கூட்டத் தெரியாது, ஆனால் நீல நோட்டு எது, மஞ்சள் நோட்டு எது, அதைக் கொண்டு எதை வாங்கலாம் என்று நன்றாகத் தெரியும். மாத உதவித்தொகை வந்த நாளில் அண்ணனோடு வங்கிக்குப் போய்த் தம் கையால் பணத்தை வாங்குவது அவருக்கு முக்கியம். பாதுகாவலர் சான்று வந்திருந்தால் அந்த உரிமை அவரைவிட்டுப் போயிருக்கும். மனுவில் யார் பெயரை எழுதுகிறோமோ அவரிடம் ஒரு வார்த்தை கேட்காமல், அவர் தலைக்கு மேலே குடும்பத்தாரோடு மட்டும் பேசி முடிப்பது இந்தப் பணியில் மிகச் சாதாரணமாக நடக்கிறது. அவர் பேசாதவராக இருந்தாலும், முதலில் அவர் பக்கத்தில் உட்காருங்கள்.

மாத உதவித்தொகையைவிடப் பெரிய தொகைகள் கவனிப்பாரின்றிக் கைவிட்டுப் போகின்றன என்பதே என் அனுபவத்தில் மிக வருந்தத்தக்க விஷயம். நம் மாவட்டத்தில் ஆசிரியர்களும் அரசு ஊழியர்களும் அதிகம். அரசு ஊழியரின் மாற்றுத்திறனாளிப் பிள்ளை சம்பாதித்து வாழ இயலாதவராக இருந்தால், பெற்றோர் இருவருக்கும் பிறகு அவருக்கு வாழ்நாள் முழுதும் குடும்ப ஓய்வூதியம் பெற விதி இருக்கிறது. 1995-ஆம் ஆண்டுத் தொழிலாளர் ஓய்வூதியத் திட்டத்திலும், நிரந்தரமாகவும் முழுமையாகவும் செயலிழந்த பிள்ளைக்கு வயது வரம்பின்றி ஓய்வூதியம் உண்டு. ஆனால் தந்தை உயிரோடு இருக்கும்போதே அந்தப் பிள்ளையின் பெயரையும் குறைபாட்டையும் ஓய்வூதியப் பதிவுகளில் சேர்த்துவைக்க வேண்டும். பிற்காலத்தில் அண்ணன் தம்பிகள் ஆளுக்கொரு ஊரில் இருக்க, சான்றுகள் எங்கே என்று தெரியாமல் தேடுவது மிகக் கடினம். வீட்டுக்குள் நுழைந்ததும் "அப்பா என்ன வேலை பார்த்தார்?" என்று கேட்பதை வழக்கமாக்கிக்கொள்ளுங்கள். உதவித்தொகை பற்றிப் பேச வந்தவரிடம் அந்தக் கேள்வி பொருத்தமற்றதாகத் தோன்றும். ஒரு குடும்பத்தின் நிலைமையே அதில் மாறியதைக் கண்டிருக்கிறேன்.

விபத்தால் மாற்றுத்திறனாளி ஆனவர்களுக்குக் காலக்கெடுதான் எதிரி. வேலையின்போது நேர்ந்த விபத்துக்கான இழப்பீட்டை இரண்டு ஆண்டுகளுக்குள் கோர வேண்டும். சாலை விபத்துக்கு, 2019-இல் திருத்தப்பட்ட மோட்டார் வாகனச் சட்டம் ஆறு மாத வரம்பைக் கொண்டுவந்தது. குளச்சல், முட்டம், தூத்தூர்ப் பக்கத்துக் கடற்கரை ஊர்களில் மீனவர் விபத்துக் காப்பீட்டை இறந்தவர்களுக்கு உரியது என்றே பலர் நினைக்கிறார்கள். மத்திய மீன்வளத் திட்டத்தின் குழு விபத்துக் காப்பீட்டில் நிரந்தர முழு ஊனத்துக்கும் ஐந்து லட்சம், பகுதி ஊனத்துக்கு இரண்டரை லட்சம் ரூபாய் உண்டு. தென்னையிலிருந்தும் பனையிலிருந்தும் விழுந்து தண்டுவடம் முறிந்தவர்கள், கேரளத்தில் கட்டட வேலையில் சாரத்திலிருந்து விழுந்தவர்கள் பலர், சிகிச்சை முடிந்து படுக்கையில் ஓராண்டு கிடந்த பிறகே நம்மிடம் வந்து சேர்கிறார்கள். அவர்கள் எந்த நலவாரியத்தில் பதிந்தவர்கள், முதலாளி யார், எந்த ஊரில் விழுந்தார் என்பதை முதல் சந்திப்பிலேயே தேதியோடு எழுதி, தாமதமின்றி நாகர்கோவிலில் உள்ள மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவுக்கு அனுப்புங்கள். 1987-ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி மாற்றுத்திறனாளிகளுக்கு வருமான வரம்பு பார்க்காமல் இலவச சட்ட உதவி உண்டு. அந்த வழக்கை நீங்கள் நடத்த முயலாதீர்கள். அது வழக்கறிஞரின் வேலை.

எல்லைப்புற மாவட்டம் என்பதால் இன்னும் சில சிக்கல்கள் உண்டு. கேரள எல்லையான களியக்காவிளைக்கு அப்பால் வேலை, திருவனந்தபுரத்தில் சிகிச்சை, இந்தப் பக்கம் குடும்ப அட்டை என்று வாழ்பவர்கள் ஏராளம். யுடிஐடி அட்டை இந்தியா முழுவதும் செல்லும்; ஆனால் மாநில அரசின் உதவித்தொகை அந்தந்த மாநிலத்தில் வசிப்பவர்களுக்கே. திருவனந்தபுரத்து மருத்துவமனைக் குறிப்புகளை ஆசாரிப்பள்ளத்து மதிப்பீட்டுக்குக் கொண்டுபோவது மிகப் பயனுள்ளது. அவற்றைத் தூக்கி எறியாமல் வைத்திருக்கச் சொல்லுங்கள். ரயில் கட்டணச் சலுகைக்கு நம் மாவட்டம் திருவனந்தபுரம் கோட்டத்தின் கீழ் வருகிறது, மதுரையின் கீழ் அல்ல. துணையின்றிப் பயணம் செய்ய முடியாத அறிவுசார் குறைபாடுள்ளவருக்கும் உடன் செல்பவருக்கும் படுக்கை வகுப்பில் எழுபத்தைந்து சதவீதச் சலுகை உண்டு. மாதம் ஒருமுறை சிகிச்சைக்குப் போகிற வீட்டுக்கு இது சிறிய தொகை அல்ல.

அலுவலகங்களோடு பழகும் முறை குறித்துச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். எந்த மனுவையும் ஒப்புகை இல்லாமல் கொடுக்காதீர்கள். கிராம நிர்வாக அலுவலர், வருவாய் ஆய்வாளர், வட்டாட்சியர் என்ற வரிசையில் மனு எங்கே நிற்கிறது என்று அறிந்து அந்த மேசையில் மட்டும் கேளுங்கள். திங்கட்கிழமை ஆட்சியர் அலுவலகத்தில் நடக்கும் மக்கள் குறைதீர்க்கும் கூட்டத்தை, கீழ்நிலையில் முயன்று பார்த்த பிறகே பயன்படுத்துங்கள். காரணம் சொல்லாமல் மனு நிராகரிக்கப்பட்டால் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் பத்து ரூபாய் கட்டணத்தில் காரணத்தையும் அதற்கான அரசாணையையும் கேட்கலாம். முப்பது நாளில் பதில் வர வேண்டும். அதற்கும் மேலே மாற்றுத்திறனாளிகளுக்கான மாநில ஆணையர் இருக்கிறார். சாட்சிகளை அழைப்பதிலும் ஆவணங்களைக் கேட்பதிலும் அவருக்கு உரிமையியல் நீதிமன்றத்துக்குரிய அதிகாரம் உண்டு. இந்தப் படிகளை எல்லாம் ஏறும் அவசியம் பெரும்பாலும் வருவதில்லை. கீழ்நிலை அலுவலர்கள் பலர் உதவ விரும்புகிறவர்கள்தான். அவர்கள் மேசைக்கு முழுமையான கோப்பு வந்தால் வேலை நகர்கிறது. அரசாணையின் நகலோடு மரியாதையாகப் பேசுகிறவரை அவர்கள் மறப்பதில்லை.

படிப்பு, பிழைப்பு ஆகியவற்றுக்கு இப்போது வருகிறேன். இந்தப் பெயரில் ஒரு பதவியோ தனி உரிமமோ நம் நாட்டில் இல்லை. உங்கள் முதுகலைப் பட்டம் போதும். அதோடு சட்டப் பணிகள் ஆணைக்குழு தேர்ந்தெடுத்துப் பயிற்சி தரும் சட்டம் சார்ந்த தன்னார்வலராகச் சேர்வது நல்லது. உங்களுக்கு ஓர் அடையாளமும், வழக்கறிஞர்களிடம் போக ஒரு வழியும் அதனால் கிடைக்கும். இந்திய மறுவாழ்வுக் கழகம் அங்கீகரித்த சமூக மறுவாழ்வுப் படிப்பு ஒன்றையும் படித்தால் மதிப்பீட்டு முறைகள் புரியும். வேலைக்கு, தமிழ்நாடு உரிமைகள் திட்டத்தின் விழுதுகள் மையங்கள் (மாற்றுத்திறனாளிகளுக்கான அரசின் சேவை மையங்கள்), சிறப்புப் பள்ளிகளை நடத்தும் தொண்டு நிறுவனங்கள், மறைமாவட்டங்களின் சமூகப் பணி அமைப்புகள் ஆகியவற்றை அணுகலாம். பெரும்பாலும் ஒப்பந்த வேலை, சம்பளம் குறைவு, திட்டம் முடிந்தால் வேலையும் முடியும். இதை மட்டும் நம்பிக் குடும்பம் நடத்துவது தொடக்க ஆண்டுகளில் கடினம் என்பதை மறைக்க எனக்கு மனமில்லை.

எந்த நிலையிலும் பயனாளியிடமிருந்து பணம் வாங்காதீர்கள். கிடைத்த தொகையில் இத்தனை பங்கு என்பது முற்றிலும் கூடாது; அப்படி ஒரு பங்கு இருந்தால் சதவீதத்தைக் கூட்டிச் சொல்ல உங்களுக்கே ஆசை வந்துவிடும். நகல் செலவும் இ-சேவை மையக் கட்டணமும் அவர்கள் நேரடியாகக் கட்டட்டும், ரசீது அவர்களிடமே இருக்கட்டும். முதல் உதவித்தொகை வந்ததும் ஒரு சீப்பு ரசகதலிப் பழத்தோடு வருவார்கள். அதை அன்போடு வாங்கிக்கொள்ளலாம். ஊரார் என்ன நினைப்பார்கள் என்ற உங்கள் கவலை நியாயமானதுதான். முதல் ஆண்டு அப்படி நினைக்கவும் செய்வார்கள். பணம் வாங்காமல், காலாவதித் தேதி நெருங்கும்போது அழைக்காமலே வாசலில் வந்து நிற்கிறவரைப் பற்றி அந்தப் பேச்சு அதிக நாள் நீடிப்பதில்லை.

நீங்கள் இருக்கும் திருவட்டார்ப் பக்கத்திலேயே தொடங்குங்கள். பேச்சிப்பாறைக்கு மேலே உள்ள காணிப் பழங்குடியினர் குடியிருப்புகளிலிருந்து ஆசாரிப்பள்ளத்துக்கு வந்து திரும்ப ஒரு முழு நாள் கூலி போய்விடும் என்பதால் சான்றே எடுக்காத பெரியவர்கள் அங்கே இருக்கிறார்கள். அடுத்த மதிப்பீட்டு முகாம் எங்கே, எப்போது என்று மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்தில் கேட்டு வைத்துக்கொண்டு, அதற்கு மூன்று வாரம் முன்பாக ஒரு நோட்டோடு அங்கே போய் வாருங்கள். முதலில் ஐந்து குடும்பங்கள் போதும். அவர்களுடைய கோப்புகளைத் தயாரிக்கும்போது எங்கேனும் தடுமாறினால் இங்கேயே எழுதுங்கள். எனக்குத் தெரிந்த வரையில் பதில் சொல்கிறேன்.